கலை–கைவினை இயக்கமும் தமிழகத்து வெள்ளிப் பாத்திரங்களும்

இங்கிலாந்தில் 1887இல் அமைந்த கலை–கைவினைக் கண்காட்சிக் கழகத்தின் பெயரால் அறியப்படும் இயக்கம், ஆலை உற்பத்திக்கு எதிராகக் கைவினைஞரின் தன்னுரிமையை முன்வைத்தது. அதன் வெள்ளிப் பாத்திரங்களுள் சி. ஆர். ஆஷ்பி 1888இல் கிழக்கு இலண்டனில் நிறுவிய கைவினைச் சங்கத்தின் ஆக்கங்கள் முதன்மையானவை. வெள்ளித் தகட்டைக் காய்ச்சி இளக்கிச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கிண்ணமாக எழுப்புவது அவர்கள் முறை. தட்டத் தட்ட உலோகம் இறுகும். ஆதலின் இடையிடையே மீண்டும் காய்ச்சப்பெறும். சுத்தியல் தடத்தை அவர்கள் தேய்த்து மறைக்கவில்லை. வளைந்த மெல்லிய கைப்பிடியும் ஒன்றிரண்டு மணிக்கற்களுமே பெரும்பாலும் அணியாயின.

சென்னையின் ‘சுவாமி’ வெள்ளியும் கைவேலையே. பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற நிறுவனங்கள் விற்ற தேநீர்க் கலங்கள், பால் குடுவைகள் ஆகியவற்றின்மேல் இறையுருவங்கள் புடைப்பாக அமைக்கப்பட்டன. எனினும் இவற்றைக் கலை–கைவினைப் பாணியுள் அடக்குவது பொருந்தாது. வடிவத்தை முடிவு செய்தது ஆங்கிலேயரின் உணவு மேசை. கம்மியருக்கு எஞ்சியது மேற்பரப்பு மட்டுமே. கோயிலில் வணங்கப்படும் உருவம் தேநீர்க் கலத்தில் வெறும் அணியானதும் எண்ணத்தக்கது.

இவ்வியக்கத்தையும் கீழைக் கைவினையையும் நேரடியாக இணைத்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. இடைக்காலச் சிங்களக் கலை குறித்த அவரது நூல் (1908), வில்லியம் மோரிஸ் முன்னர்ப் பயன்படுத்திய அச்சுப்பொறியில் அச்சானது. ‘இந்தியக் கைவினைஞர்’ (1909) நூலுக்கு ஆஷ்பியே முன்னுரை எழுதினார். குமாரசுவாமி போற்றியது பயனும் அழகும் பிரியாத மரபு. அந்நோக்கில் காண வேண்டியவை சுவாமி வெள்ளியல்ல, வீட்டுப் புழங்குபொருள்களே. 1985 வரை காரைக்குடி, தேவகோட்டை ஆகியவற்றையும் உள்ளடக்கியிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில், நகரத்தார் திருமணச் சீரில் வெள்ளிப் பாத்திரங்கள் சிறப்பிடம் பெற்றவை. பாலாடையின் நீண்ட மூக்கு குழந்தையின் வாய்க்கென அமைந்தது. பன்னீர்ச்செம்பின் ஒடுங்கிய கழுத்தும் துளையிட்ட தலையும் தெளிப்பதற்கென அமைந்தவை. அணி இல்லாவிடினும் இவற்றின் வடிவம் குறைவுறாது.

ஆஷ்பியின் சங்கம் 1908இல் கலைந்தது. மலிவான போலிகளின் போட்டி அதற்கு ஒரு காரணம். சுத்தியல் தடத்தையும் இயந்திர அச்சால் பதிக்க முடிந்தது. எனவே கள ஆய்வில் தடம் மட்டும் சான்றாகாது. அச்சுத் தடம் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வரும். கடைசலில் அழுத்தி உருவாக்கிய பாத்திரத்தின் உட்புறத்தில் வட்டக் கோடுகள் தென்படும். தட்டி எழுப்பியதில் விளிம்பின் தடிமன் இடத்துக்கு இடம் சற்றே வேறுபடும்.