புகையை விடுபவருக்குத் துணை நிற்போம்

வீட்டில் ஒருவர் சிகரட்டையோ பீடியையோ சுருட்டையோ விட்டுவிடத் தீர்மானித்தால், நம்மில் பலர் அது அவருடைய காரியம் என்று ஒதுங்கிவிடுகிறோம். வேறு சிலர் காலையும் மாலையும் புத்திமதி சொல்லத் தொடங்கிவிடுகிறோம். இரண்டினாலும் அவருக்குப் பயனில்லை. விடுவது அவர் வேலைதான். ஆனால் முதல் சில வாரங்கள் அவரைத் தனியே விடாமலிருப்பது நம் வேலை.

இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இது மேலும் கடினம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் பின்னர் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் நெருக்கமாகத் தங்க நேர்ந்தது. இத்தகைய இடங்களில் கைக்கு வேலையில்லை, மனதில் பாரம். ஒருவர் பற்றவைத்தால் அடுத்தவருக்கும் நீட்டுவார். மறைப்புச் சீலைக்கு அப்பால் தூங்கும் குழந்தையும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறது. இப்புகையால் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா கடுமையாகும். காது நோயும் நெஞ்சு நோயும் கூடும்.

“அப்புத்தளைக் குளிருக்கு இது இல்லாமல் முடியாது” என்று சொல்வோர் உண்டு. உண்மை வேறு. நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் கை கால் விரல்களுக்கு இரத்தம் குறைந்து, அவை முன்னிலும் குளிர்ந்து போகின்றன.

புகையை விட்டவருக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை, தலைவலி, அதிக பசி எல்லாம் வரும். இவை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். அந்நாட்களில் அவர் வீட்டாரிடம் சீறி விழுந்தால், அது நம்மேல் உள்ள கோபமல்ல, உடம்பு நிக்கோட்டினைத் தேடுவதுதான் என்று அறிந்து பொறுத்துக்கொள்வோம்.

புகைக்கும் ஆசை அலைபோல வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கே துணை தேவை. “வாங்க, தண்ணி எடுத்துட்டு வருவோம்” என்று கூட்டிப் போகலாம். ஒரு மிடறு நீர், கொறிக்க வறுத்த கடலை, தோட்டத்தில் ஒரு சிறு வேலை, எதுவும் உதவும். சாயத்தண்ணி குடித்ததும் புகைப்பது அவர் வழக்கமென்றால், சில நாட்களுக்கு இஞ்சி அவித்த நீர் கொடுத்துப் பார்க்கலாம். புகையை விட்டவர் உடம்பில் தேயிலையின் கஃபீன் நெடுநேரம் தங்குவதால், இரவில் கடுஞ்சாயம் தூக்கத்தைக் கெடுக்கும். சிகரட்டுக்குப் பதிலாக வெற்றிலையோடு புகையிலை போடச் சொல்லக் கூடாது. அதிலும் நிக்கோட்டின் உண்டு. வாய்ப் புற்றுநோயும் வரும்.

கூட்டாளிகளிடமும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்: “அண்ணே, அவருக்கு நீட்டாதீங்க, அவர் முன்னால பத்தவைக்காதீங்க.” சிகரட் வாங்கப் பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புவதையும் நிறுத்துவோம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குட்பட்டவருக்கு அதை விற்பது குற்றம்.

ஒருநாள் தவறி ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், “எனக்கு அப்பவே தெரியும்” என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். பலர் பலமுறை முயன்றே விடுகிறார்கள். எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது தவறியது என்று அமைதியாகக் கேட்டு, அடுத்த நாளே மீண்டும் தொடங்க உதவுவோம். தனியே முடியாதவர்கள் தோட்ட டிஸ்பென்சரியிலோ தியத்தலாவை ஆதார வைத்தியசாலையிலோ வைத்தியரிடம் ஆலோசனை கேட்கலாம். புகையிலை, மதுசாரம் பற்றிய தேசிய அதிகார சபையின் 1948 என்ற தொலைபேசி இலக்கமும் இதற்கென்றே உள்ளது.

நாளொன்றுக்கு 5 சிகரட் என்றால் வருடத்துக்கு 1,825. அந்தக் காசை ஒரு டின்னில் போட்டு வைத்து, மாத முடிவில் எல்லாரும் சேர்ந்து எண்ணிப் பாருங்கள். ஒரு வருடம் விட்டிருந்தால் புகையால் வரும் மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. காணியும் வீடும் இழந்த குடும்பத்துக்கு உழைக்கும் ஒருவருடைய நெஞ்சும் மூச்சும் பெரிய சொத்து. அதைக் காக்க அவர் முயலும்போது, வீடு முழுவதும் அவர் பக்கம் நிற்கட்டும்.