புல்லட் வண்டியும் ஒரு மெல்லிய வளையமும்

நாகபுரியில் வாழும் நம்மவர்களுள் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் இன்னும் சிலர் உண்டு. 1955-ஆம் ஆண்டில் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தாரும் கூட்டாகத் தொடங்கிய தொழிலில், நம் திருவொற்றியூரில் உருவான வண்டி அது. வடக்கே வந்து குடியேறிய நமக்கு அதன்மீது பற்று இருப்பதில் வியப்பில்லை. நானும் வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட பழைய வண்டியொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். ரெயில்வே ஆபீஸில் பேரேடு எழுதுகிறவன் ஸ்பானரைக் கையில் எடுத்ததால் நேர்ந்த வினையை ஈண்டு எழுதுகிறேன்.

புல்லட்டின் இடப்புறத்து மூடிக்குள், எஞ்சினின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கொண்டு செல்லும் இரட்டைச் செயின் ஒன்று எண்ணெயில் நனைந்தபடி ஓடுகிறது. இதற்குப் பிரைமரி செயின் என்று பெயர். எஞ்சின் பக்கத்துச் சக்கரத்தில் 25 பற்கள். கிளட்ச் சக்கரத்தில் 56 பற்கள். செயினில் கழற்றும் இணைப்பு கிடையாது. ஆகவே அதை மாற்ற வேண்டுமாயின் இரண்டு சக்கரங்களையும் செயினோடு ஒருசேர இழுத்து எடுக்க வேண்டும். என் வண்டியின் செயின் தேய்ந்துவிட்டபடியால், ஒரு விடுமுறை நாளில் நானே கழற்றிப் புதியதைப் பூட்டினேன். வண்டி கிளம்பியது. அன்று எனக்கு உண்டான பெருமிதத்தைச் சொல்லி முடியாது.

சில நாட்களில் இடப்புறத்திலிருந்து முனகல் போன்ற ஓர் ஒலி எழுந்தது. புதிய செயின் பழகும் ஒலி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த மாதம் மனைவியுடன் ராம்டேக் சென்று இராமர் கோயிலைத் தரிசித்துத் திரும்புகையில், மன்சர் தாண்டிச் சிறிது தூரத்தில், எஞ்சின் திடீரென்று அலறியது. வண்டியோ வேகம் இழந்து ஓரத்தில் நின்றது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. லாரிகள் காற்றை வாரி அடித்துக்கொண்டு விரைந்தன. மனைவி ஒன்றும் பேசவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாயிற்று. இரக்கமுள்ள லாரிக்காரர் ஒருவர் வண்டியையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தார்.

மறுநாள் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர், திருநெல்வேலிச் சீமைக்காரர், வந்து மூடியைத் திறந்தார். அறுந்த செயின் அடியில் சுருண்டு கிடந்தது. அதன் பக்கத் தகடுகள் ஒருபுறம் மட்டும் வெள்ளிபோல் மின்னின. பற்களும் அதே பக்கத்தில் தேய்ந்திருந்தன. "தம்பி, எஞ்சின் சக்கரத்துக்குப் பின்னாலே மெல்லிய வளையம் ஒன்று இருந்திருக்குமே, அதை எங்கே வைத்தீர்?" என்று கேட்டார். அப்போதுதான் விளங்கிற்று. எண்ணெய்ப் பிசுக்கோடு சக்கரத்தின் முதுகில் ஒட்டியிருந்த அந்த வளையம், துடைத்த பழந்துணியோடு குப்பைக்குப் போயிருக்கிறது! "சுருண்ட செயின் சக்கரத்துக்கும் மூடிக்கும் நடுவே சிக்கியிருந்தால் பின்சக்கரமே பூட்டிக்கொண்டிருக்கும், பிழைத்தீர்" என்றார் அண்ணாச்சி.

ஷிம் என்னும் அவ்வளையம் ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்கூட இல்லை. ஆயினும் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடுமானால், 25 பற்கள் வழியே ஒரு நொடியில் 1,250 கண்ணிகள் ஏறி இறங்குகின்றன. ஒவ்வொரு கண்ணியும் ஒருபுறமாக உரசிக்கொண்டே ஏறினால் என்ன ஆகும்? தண்டவாள இடைவெளி பிசகினால் சக்கரத்தின் விளிம்பு தேய்வதை அறிந்த நம் ரெயில்வே அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வேறு சில பழைய ஆங்கில வண்டிகளில் கியர்பெட்டியையே நகர்த்திச் செயினை இறுக்குவர். புல்லட்டில் கியர்பெட்டி எஞ்சினோடு அசையாமல் பூட்டப்பட்டது. செயினின் தொய்வைக் கீழிருந்து தாங்கும் சறுக்குக்கட்டை ஒன்றே சரிசெய்கிறது. அது தொய்வை நீக்குமேயன்றிக் கோணலை நீக்காது. கோணலுக்கு ஷிம் ஒன்றே மருந்து.

அண்ணாச்சி அளந்த விதம் இது. புதிய செயினை மாட்டாமலே இரு சக்கரங்களையும் வைத்து, நட்டுகளை முழுவதும் இறுக்கினார். கையால் இறுக்கிவிட்டு அளந்தால் கணக்குப் பொய்க்கும். கிளட்ச் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் சற்றே ஆட்டம் உண்டாதலால், அதை அசைத்துப் பார்த்து நடுநிலையில் நிறுத்தினார். பின்னர் கோணாத எஃகு அடிக்கோலை இரு சக்கரங்களின் பல்முகத்திலும் படியுமாறு வைத்தார். கிளட்ச் சக்கரத்தில் கோல் ஒட்டி நின்றது; எஞ்சின் சக்கரத்திலோ வெளிச்சம் தெரிந்தது. அவ்விடைவெளியில் ஃபீலர் கேஜின் தகடுகளை ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்க, 0.8 மில்லிமீட்டர் என்று கண்டது. சக்கரத்தைச் சுற்றி வேறு இரண்டு இடங்களிலும் அளந்த பிறகே அவர் மனம் நிறைவுற்றது. இரு சக்கரங்களின் பற்களும் ஒரே தடிப்பாக இருந்தால்தான் இம்முறை பொருந்தும். இல்லையேல் பல்லின் நடுவைக் கணக்கிட்டுத் தடிப்பு வேற்றுமையில் பாதியைக் கழிக்க வேண்டும்.

டப்பாத் தகரத்தை வெட்டி வளையம் செய்யலாமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். தகரம் நசுங்கும், நசுங்கினால் நட்டு தளரும். தட்டையான எஃகு வளையமே வேண்டும். சக்கரத்தை வேறு கம்பெனிச் சரக்காக மாற்றினால் பழைய ஷிம் அளவு பொருந்தாமற் போகலாம். மறுபடி அளக்கத்தான் வேண்டும். இறுதியில் புதுச் செயினின் தொய்வைப் பல இடங்களில் சுழற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் 6 மில்லிமீட்டர் அளவு விட்டார். மூடியைப் பூட்டி எண்ணெய் ஊற்றியதும் கைகழுவிக்கொண்டு காப்பி கேட்டார்; கூலி வாங்க மறுத்துவிட்டார்.

சென்ற தை மாதம் மீண்டும் ராம்டேக் புறப்பட்டோம். வண்டியில் ஏறுமுன் என் மனைவி கேட்டது ஒன்றே: "வளையத்தைப் போட்டீர்களா?"