பெட்ரோ கோஸ்டாவின் இருட்டு

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பேசுவோம். போர்ச்சுகல் இயக்குநர் பெட்ரோ கோஸ்டாவின் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொல்கிறீர்கள். ஒரே இருட்டு, கேமரா அசையவே இல்லை, பேசுகிறவர் யாரென்று பிடிபடவில்லை. கான் திரைப்பட விழாவிலேயே அவருடைய இன்னொரு படத்தின்போது பலர் எழுந்து போயிருக்கிறார்கள். ஆனால் அந்த இருட்டுக்கு அவர் எந்த வழியாக வந்தார் என்று தெரிந்தால் படம் வேறாகத் தெரியும்.

லிஸ்பன் திரைப்படப் பள்ளியில் படித்தவர். முதல் படமான ‘ரத்தம்’ 1989இல் வந்தது. கறுப்பு வெள்ளையில் அழகான படம். அதற்கு மேல் இப்போது வேண்டாம். இரண்டாவது படத்தை எடுக்க கேப் வெர்டே தீவுகளுக்குப் போனார். 1975 வரை போர்ச்சுகலின் காலனியாக இருந்த இடம். வேலை முடிந்து கிளம்பும்போது ஊர்க்காரர்கள் கடிதம், காபி, புகையிலை என்று கொடுத்தனுப்பினார்கள். எல்லாம் லிஸ்பனுக்குப் பிழைக்கப் போன சொந்தக்காரர்களுக்கு. அவற்றைச் சேர்ப்பிக்கப் போன இடம்தான் ஃபொன்டைன்யாஸ். குடியேறிகளும் ஏழைகளும் தாங்களே கட்டிக்கொண்ட, குறுகிய சந்துகள் நிறைந்த குடியிருப்பு. அங்கே போனவர் திரும்பவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

1997இல் அங்கே ‘எலும்புகள்’ படத்தை எடுத்தார். பெரிய யூனிட், 35 எம்.எம். கேமரா, வண்டி வண்டியாக விளக்குகள். இரவெல்லாம் அந்தச் சந்துகளில் வெளிச்சம் கொட்டியது. அங்கே குடியிருந்தவர்களோ கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் விடியும் முன்பே எழுந்து போக வேண்டியவர்கள். அவர்கள் தூக்கத்தைக் கெடுத்துத்தான் அவர்களைப் பற்றிய படம் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி அவரைக் குடைந்தது. இத்தனைக்கும் அந்தப் படத்துக்கு வெனிஸ் விழாவில் ஒளிப்பதிவு விருதே கிடைத்தது. பரிசு வாங்கித் தந்த அந்த வேலைமுறையைத்தான் அவர் கைவிட்டார்.

அடுத்து அவர் செய்ததை நிதானமாகக் கேளுங்கள். ‘எலும்புகள்’ படத்தில் நடித்த வாண்டா துவார்த்தே அந்தக் குடியிருப்புப் பெண். கையடக்கமான ஒரு டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு கோஸ்டா அவருடைய அறைக்குப் போனார், பெரும்பாலும் தனியாக. ஆபீசுக்குப் போவதுபோல் தினமும் போனார். ஜன்னல் வெளிச்சம் போதாதபோது கண்ணாடியை வைத்து அதைத் திருப்பிவிட்டார். வெளியே நகராட்சி வீடுகளை இடித்துக்கொண்டிருந்தது. உள்ளே வாண்டாவும் சகோதரி சீட்டாவும் கட்டிலில் உட்கார்ந்து ஹெராயின் புகைத்து, இருமி, சண்டை போட்டு, சிரித்தார்கள். நூறு மணி நேரத்துக்கும் மேலான பதிவிலிருந்து 2000இல் ‘வாண்டாவின் அறையில்’ வந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம்.

சின்ன கேமரா வந்ததால் செலவு குறைந்தது என்பதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையில் அவருக்குக் கிடைத்தது காலம். பெரிய யூனிட்டில் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை உண்டு, சம்பளம் உண்டு. நடிகர் இன்று பேச மனமில்லை என்றால் தயாரிப்பாளருக்கு நஷ்டம். வாண்டாவின் அறையில் அந்த நெருக்கடி கிடையாது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மறைந்திருந்து எடுத்த படம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அவர்கள் தங்கள் சொந்தப் பேச்சையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, டேக் மேல் டேக் எடுத்துச் செதுக்கியவை அந்தக் காட்சிகள்.

அதே குடியிருப்பு மக்களை வைத்து எடுத்த அடுத்த படத்தின் நாயகர் வென்ச்சுரா, கேப் வெர்டேயிலிருந்து வந்து கொத்தனாராக உழைத்தவர். 2006இல் வந்த அந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. லிஸ்பனின் குல்பெங்கியன் அருங்காட்சியகத்தில் ரூபென்ஸ் ஓவியத்தின் அருகே வென்ச்சுரா நிற்கிறார். காவலாளி வந்து அவரை நாசூக்காக வெளியேற்றுகிறார், அவர் நின்ற தரையையும் துடைக்கிறார். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களில் வென்ச்சுராவும் ஒருவர்.

2014இல் வந்த ‘குதிரைப் பணம்’ இன்னும் கனமானது. 1974 ஏப்ரல் 25இல் போர்ச்சுகலில் சர்வாதிகாரம் விழுந்தது. அந்த நாட்களில் பதின்ம வயதுக் கோஸ்டா லிஸ்பன் தெருவில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். அதே நகரத்தில் வென்ச்சுராவும் நண்பர்களும் ராணுவத்துக்குப் பயந்து ஒளிந்திருந்தார்கள். தன் வாழ்வின் மகிழ்ச்சியான நாட்கள் தன் நண்பருக்குப் பயங்கரமாக இருந்தன என்பது கோஸ்டாவுக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. அந்தப் படத்தின் இருட்டில் இருப்பது அந்தப் பயம். ஏழ்மையைக் காட்டுவதற்கான அலங்காரமாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

‘வித்தலினா வரேலா’ 2019இல் லோகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருதைப் பெற்றது. கணவர் டிக்கெட் அனுப்புவார் என்று பல வருஷம் காத்திருந்து, அவரை அடக்கம் செய்து மூன்று நாள் கழித்து லிஸ்பன் வந்து இறங்கிய பெண்ணின் கதை. அதில் நடித்தவர் அந்த வித்தலினாவேதான். சிறந்த நடிகை விருதும் அவருக்கே.

நீங்கள் கடைசியாகச் சொன்ன இந்தப் படத்திலிருந்து தொடங்கியதால்தான் சிரமப்பட்டிருக்கிறீர்கள். ‘எலும்புகள்’ முதலில் பாருங்கள், ஒன்றரை மணி நேரம்தான். அதில் வாண்டா வேறொருத்தியாக நடிப்பார். பிறகு அவருடைய அறைக்குப் போங்கள். அதற்கும் பிறகு 2006 படத்தில், அரசு கொடுத்த புது ஃபிளாட்டின் வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, மகளோடு உட்கார்ந்து பேசும் வாண்டாவைப் பாருங்கள்.