பதிவான வாக்கும் எண்ணிய வாக்கும்

புளியங்குடிக்காரர்கள் போடும் வாக்கு சட்டமன்றத் தேர்தலில் வாசுதேவநல்லூர் தொகுதிக்கும், நாடாளுமன்றத் தேர்தலில் தென்காசிக்கும் போய்ச் சேர்கிறது. 2021இலும் 2024இலும் அந்த வாக்குகளைச் சுமந்த இயந்திரங்கள் கொடிக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் வைத்து எண்ணப்பட்டன. நம் தெருப் பள்ளிக்கூடத்தில் பதிவானதுதான் அங்கே எண்ணப்பட்டது என்பதை எப்படி உறுதிசெய்வது? கேட்பவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், கட்சியே சாராதவராக இருந்தாலும், அவருக்குக் காட்ட வேண்டியது ஆவணத்தைத்தான்.

சில வாக்குகளில் என்ன வந்துவிடப்போகிறது என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 49. தலைமை ஆசிரியர்கள் சான்றொப்பமிட்டது செல்லாது என்று 203 தபால் வாக்குகள் தள்ளப்பட்டிருந்தன. வழக்கு நடந்து, தபால் வாக்குகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் உத்தரவிட்டது. எண்ணினார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் தென்காசி சட்டமன்றத் தொகுதியில் வித்தியாசம் 370. அங்கும் நீதிமன்ற உத்தரவுப்படி 2023 ஜூலையில் தபால் வாக்குகள் மறுபடி எண்ணப்பட்டன. முன்பு வென்றவரே வென்றார். ஆவணம் பத்திரமாக இருந்ததால்தான் இவ்வளவு தூரமாவது போக முடிந்தது.

வாக்குப்பதிவு இயந்திரம் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமான பொருளில்லை. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அது உருவானபோது அந்தப் பணியில் எழுத்தாளர் சுஜாதாவுக்கும் பங்கிருந்தது. 1982இல் கேரளத்தின் பறவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக அதைப் பயன்படுத்தினார்கள். சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984இல் அந்த வாக்குப்பதிவை ரத்து செய்தது. 1989இல் சட்டத்தில் இடம் கிடைத்தது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும், 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் இயந்திரம் வந்துவிட்டது.

அது எண்ணுவதைச் சரிபார்க்கும் தாள் ஒன்று உண்டு. அதன் பெயர் 17சி படிவம். கடைசி வாக்காளர் வெளியேறியதும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கட்டுப்பாட்டுக் கருவியில் ‘குளோஸ்’ பொத்தானை அழுத்துவார். அதன்பின் அந்த இயந்திரம் ஒரு வாக்கையும் ஏற்காது. ‘டோட்டல்’ பொத்தான் காட்டும் எண்ணை அவர் 17சி படிவத்தின் முதல் பகுதியில் எழுதுவார். கூடவே இயந்திரத்தின் எண், 17ஏ பதிவேட்டின்படி வந்த வாக்காளர்கள், கையெழுத்திட்ட பிறகு வாக்களிக்க மறுத்தவர்கள், காகித சீல்களின் வரிசை எண்கள் ஆகியவையும் ஏறும். அங்கே உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்டுகளுக்கு இதன் சான்றிட்ட நகலைத் தர வேண்டும் என்பது விதி. எண்ணும் நாளில் ‘ரிசல்ட்’ பொத்தானை அழுத்தும்போது வரும் கூட்டுத்தொகை இந்தத் தாளோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகாமல் இருக்க வாய்ப்புண்டா? உண்டு. வாக்குப்பதிவு தொடங்கும் முன் ஏஜென்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்துவார்கள். அதை அழிக்க மறந்துவிட்டால் மாலையில் கணக்கு 50 கூடி நிற்கும். அப்படி முரண்படும் இயந்திரத்தை எண்ணும் மையத்தில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். வாக்கு யாருக்கு விழுந்தது என்று அச்சாகும் அதன் விவிபேட் சீட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இயந்திரம் சரியாக எண்ணியும் மனிதர் தவறாக எழுதிவிடலாம். ஹரியானாவின் பானிபட் மாவட்டத்தில் புவானா லாக்கு கிராமத்தில் 2022 நவம்பரில் நடந்த ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒரு வாக்குச்சாவடியின் முடிவு, வேட்பாளர் மாறிப் பதிவாகிவிட்டது. தோற்றதாகச் சொல்லப்பட்டவர் விடவில்லை. 2025இல் உச்ச நீதிமன்றம் இயந்திரங்களைத் தன் வளாகத்துக்கே வரவழைத்து எண்ணச் சொன்னது. அவருக்கு 1,051 வாக்குகள், எதிராளிக்கு 1,000. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வெற்றி உரியவருக்குப் போனது.

அபூர்வமாக இயந்திரமே பிழை செய்வதும் உண்டு. 2003 மே மாதம் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் நகரில் ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத அளவுக்கு வாக்குகள் விழுந்திருந்தன. வாக்குகள் பதிவான காந்த அட்டைகளை மறுபடி எண்ணியபோது, கூடுதலாக வந்தவை சரியாக 4,096 என்று தெரிந்தது. இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் வரும் எண் அது. கணினி நினைவகத்தில் ஒரே ஒரு பிட் பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றாகப் புரண்டால் இப்படி ஆகும். விண்வெளியிலிருந்து வந்த துகள் காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அந்த எண் நம்பும்படியான அளவில் இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

அதனால்தான் தணிக்கை தேவை. வாக்காளர் கண்முன் ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும் விவிபேட் சீட்டு அதற்கென்றே வந்தது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடிகளில் சீட்டுகளை எண்ணச் சொன்னது. ஐந்து போதுமா? இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தேர்தல் ஆணையத்துக்குத் தந்த அறிக்கையில் நாடு முழுவதற்கும் 479 இயந்திரங்கள் போதும் என்றது. கணக்கு இதுதான்: நூற்றுக்கு இரண்டு பழுது என்றால், எடுக்கும் ஒன்று நல்லதாக இருக்கும் வாய்ப்பு 0.98. அதை 479 முறை பெருக்கினால், பழுது ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு லட்சத்தில் ஆறுதான். கணக்கில் பிசகில்லை.

ஆனால் அது நாடு முழுவதையும் ஒன்றாகப் பார்க்கும் கணக்கு. வெற்றி தோல்வியோ தொகுதிதோறும் தீர்மானமாகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே உலையில் வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும். இங்கே ஒவ்வொரு இயந்திரமும் தனிப் பானை. 300 வாக்குச்சாவடிகள் உள்ள தொகுதியில் ஆறு இயந்திரங்கள் பிழையானவை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தை மட்டும் சோதித்தால் அந்த ஆறில் ஒன்றாவது சிக்கும் வாய்ப்பு பத்து சதவீதம்தான். 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் ஏறத்தாழ 117 இயந்திரங்களைச் சோதிக்க வேண்டும். தமிழகத்தின் முன்னாள் ஐ.ஏ.எஸ். அதிகாரி கே. அசோக் வர்தன் ஷெட்டி இந்தக் குறையைப் பல ஆண்டுகளாகச் சுட்டிக்காட்டி வருகிறார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2017 முதல், வெற்றி வித்தியாசம் குறையக் குறைய அதிகச் சீட்டுகளைச் சோதிக்கும் தணிக்கை நடக்கிறது. ராதாபுரத்தின் 49க்கும் ஒரு லட்சம் வித்தியாசத்துக்கும் ஒரே ஐந்து என்பதை விட அது அறிவுக்குப் பொருந்துகிறது.

சீட்டுகளை எண்ண ஆளும் நேரமும் வேண்டும். 17சி தாளைக் காட்ட அவை வேண்டாம். வாக்குச்சாவடி வாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று சொல்லும் படிவம் 20ஐத் தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். எண்ணிய வாக்கு பொதுவெளியில் இருக்கிறது. அதோடு ஒப்பிட வேண்டிய பதிவான வாக்கு, அதாவது 17சி, ஏஜென்டுகளின் கையோடு நின்றுவிடுகிறது. அதை இணையத்தில் ஏற்றக் கோரிய மனுவில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தரவில்லை. படிவத்தின் படத்தைத் திருத்திக் குழப்பம் விளைவிப்பார்கள் என்பது தேர்தல் ஆணையத்தின் வாதம். மூலம் எல்லோர் கைக்கும் எட்டும்போதுதான் திருத்தியது எது என்று தெரியும். ஒரு டிஜிட்டல் கையொப்பம் அந்தக் கவலையைத் தீர்க்கும். முதல் பகுதியில் யாருக்கு விழுந்தது என்ற விவரமே இல்லாததால் வாக்கின் ரகசியமும் கெடாது.

காற்று எதிர்த்திசையில்தான் வீசுகிறது. தேர்தல் நடத்தை விதிகள் 1961இன் 93ஆம் விதி, சில உறைகளைத் தவிர மற்ற எல்லாத் தேர்தல் தாள்களையும் பொதுமக்கள் பார்க்கலாம் என்றிருந்தது. ஹரியானா சட்டமன்றத் தேர்தல் ஆவணங்களைக் கேட்டு மனுச் செய்தவருக்கு அவற்றைத் தரச் சொல்லி பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 9இல் உத்தரவிட்டது. டிசம்பர் 20ஆம் தேதியே, ‘இந்த விதிகளில் குறிப்பிட்ட’ தாள்கள் என்று விதி சுருக்கப்பட்டது. ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009இல் சொன்னது வேறு: தேர்தலின் முக்கியப் படிகளைத் தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும்.

புளியங்குடியில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குக்கூடக் கூட்டவும் கழிக்கவும் தெரியும். இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்க்க அது போதும். 17சி படிவத்தின் முதல் பகுதியை வாக்குப்பதிவு முடிந்த மறுநாளே வாக்குச்சாவடி வாரியாக வெளியிட வேண்டும். எண்ணிக்கை சரியாக இருந்தால் அதனால் யாருக்கும் நட்டமில்லை. தவறாக இருந்தால், நாற்பத்தைந்து நாளுக்குள் தேர்தல் மனு போட வேண்டியவருக்கு அது முதல் நாளிலேயே தெரிந்தாக வேண்டும்.