முதல் தளம் மட்டும் நிஜம்

வரலாற்றுப் படம் என்றாலே இப்போது முதலில் காதில் விழுவது கிராஃபிக்ஸ் பற்றிய பேச்சுதான். எத்தனை ஷாட், எத்தனை கோடி என்று விளம்பரமும் அதையே முழங்குகிறது. என்னைக் கேட்டால், கணினியின் கையைக் கொஞ்சம் கட்டிப்போட்ட படங்களே பார்ப்பவரைப் பழைய காலத்துக்குக் கூட்டிப்போகின்றன. ரிட்லி ஸ்காட் இயக்கி 2000-இல் வந்த ‘கிளாடியேட்டர்’ இதற்கு நல்ல சாட்சி. மால்டா தீவின் ரிக்காசோலிக் கோட்டையில், பழைய ரோமின் கொலோசியம் அரங்குக்கு செட் போட்டார்கள். வட்டத்தில் ஒரு பகுதி, உயரத்தில் கீழ்த்தளம், அவ்வளவுதான். மேல்தளங்களையும் மறுபக்கத்தையும் லண்டனின் மில் ஃபிலிம் கலைஞர்கள் கணினியில் எழுப்பினார்கள். சுமார் 2,000 துணை நடிகர்களோடு பல்லாயிரம் கணினிப் பார்வையாளர்களும் சேர்ந்தார்கள். வீரர்கள் அரங்குக்குள் நுழையும்போது கேமரா அவர்களைச் சுற்றி வருமே, அந்த ஷாட்டில் நிஜச் சுவரின் நகர்வை வைத்தே கேமரா எந்தப் பாதையில் போனது என்று கணக்கிட்டு, இல்லாத தளங்களையும் அதே பாதையில் அசைக்க வேண்டியிருந்தது. வெயில், புழுதி, நிழல் விழும் கோணம் எல்லாவற்றுக்கும் கண்முன்னே ஒரு சுவர் அளவுகோலாக நின்றது.

இந்த உத்தி புதியதும் அல்ல. 1925-இன் மௌனப் படமான ‘பென்-ஹர்’ரில் தேர்ப்பந்தய அரங்கின் கீழ்ப்பகுதியை மட்டும் கட்டி, மேல்வரிசைகளைச் சின்ன மாதிரியாகச் செய்து கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டார்கள். அதில் உட்கார்ந்திருந்த குட்டிப் பொம்மைகள் எழுந்து ஆரவாரமும் செய்தன! மாதிரியும் செட்டும் ஒட்டித் தெரிய கேமரா இடம் மாறக் கூடாது. 75 ஆண்டுகள் கழித்துக் கணினி தந்தது அந்தக் கேமராவுக்கு நடமாடும் சுதந்திரம். கீழே நிஜம், மேலே மாயம் என்ற ஏற்பாடு அப்படியே இருந்தது. முகத்துக்கும் இதே கதைதான். ‘கிளாடியேட்டர்’ படத்தில் அடிமை வீரர்களின் எஜமானராக நடித்த ஆலிவர் ரீட் 1999 மே மாதம் படப்பிடிப்புக் காலத்திலேயே இறந்துவிட, எஞ்சிய காட்சிகளில் டூப் நடிகரின் உடலில், ரீட் ஏற்கெனவே நடித்திருந்த காட்சிகளின் முகத்தைப் பொருத்தினார்கள். அவர் நடித்துவைத்தது எவ்வளவோ அவ்வளவுதான் அந்த முகத்தால் முடிந்தது.

இன்று ஒளியையும் புழுதியையும் கணினியே துல்லியமாகக் கணக்கிடுகிறதே, செட் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒளி சரியாக விழுந்தால் மட்டும் போதாது. எங்கும் பறக்க முடிகிற கேமரா கோட்டைக்கு மேலே பருந்தாகவும் அம்போடு கூடவும் பறக்கத் தொடங்கும்போது, அந்தக் காலத்தில் யார் கண்ணும் கண்டிருக்க முடியாத காட்சி வந்துவிடுகிறது. கல்லின் தரம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் நம்பிக்கை அங்கே கழன்றுகொள்கிறது. இதைவிட வலுவான மறுப்பு எரிக் ரோமரின் ‘சீமாட்டியும் கோமகனும்’ என்ற பிரெஞ்சுப் படம். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பாரிசில் வாழ்ந்த கிரேஸ் எலியட் என்ற பிரிட்டிஷ் பெண்மணியின் நினைவுக் குறிப்புகளை ஒட்டி, எண்பது வயதைத் தொட்ட ரோமர் 2001-இல் எடுத்தது. அதன் பாரிஸ் தெருக்களில் ஒரு செங்கல்கூட நிஜமில்லை. ஜான்-பாப்டிஸ்ட் மாரோ அக்காலப் பாணியில் தீட்டிய ஓவியங்களுக்குள், தனியே படமாக்கிய நடிகர்களைக் கணினி வழியே இறக்கிவிட்டார்கள். பார்த்ததுமே ஓவியம் என்று தெரியும். இருந்தும் அந்த நகரம் நம்மைப் பிடித்துக்கொள்கிறது. என் வாதம் இங்கே உடையவில்லை, திருத்தம் பெறுகிறது. கல் கட்டாயமில்லை, கட்டுப்பாடு கட்டாயம். தீட்டிய தெருவுக்குள் கேமரா நடந்துபோக முடியாது. ரோமர் அந்தத் தடையை மறைக்காமல் அதையே தன் படத்தின் பாணியாக்கினார்.

இந்தக் கட்டுப்பாடு நம்பவைக்க உதவும். சொல்வது உண்மையா என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது. ஸ்காட்டை ‘கிளாடியேட்டர்’ பக்கம் இழுத்ததே பிரெஞ்சு ஓவியர் ஜெரோம் 1872-இல் முடித்த ஒரு ஓவியம்தான். தோற்ற வீரனுக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டினால் சாவு என்ற எண்ணம் உலகெங்கும் பரவியதில் அந்த ஓவியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பழைய ரோமானியர்கள் விரலை எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஸ்காட்டின் படத்தில் பேரரசரின் விரல் திரும்பும்போது, சுற்றிலும் அத்தனை நேர்த்தியாக எழுந்து நிற்கும் கொலோசியம் அந்தச் சந்தேகத்துக்கு இடமே கொடுப்பதில்லை.