சில டிகிரி வித்தியாசம்: செயற்கை இடுப்பு மூட்டின் ஆயுளைத் தீர்மானிக்கும் கோணம்

மைசூரு: சர்வதேச யோகா தினமான 2022 ஜூன் 21 அன்று, மைசூரு அரண்மனை வளாகத்தில் பிரதமர் நரேந்திர மோடியுடன் சுமார் 15,000 பேர் ஆசனங்கள் செய்தனர். 1930-களில் கிருஷ்ணமாச்சாரியார் ஜகன்மோகன் அரண்மனையில் யோகா கற்பித்த நகரம் இது. ஆனால், தரையில் அமர்வதும் குந்துவதும் சம்மணமிடுவதும் யோகா பயில்வோருக்கு மட்டும் உரியவை அல்ல. உணவு, வழிபாடு, கழிப்பறை என அன்றாட வாழ்வில் நம் மக்கள் இடுப்பு மூட்டை மிக ஆழமாக மடக்கிப் பழகியவர்கள்.

அந்த மூட்டு சிதைந்து, செயற்கை மூட்டு பொருத்த வேண்டிய நிலை வரும்போது, குடும்பத்தினர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்று: எந்த நிறுவனத்தின் மூட்டு, என்ன செலவாகும், எத்தனை ஆண்டுகள் உழைக்கும்? மூட்டு எந்தக் கோணத்தில் பொருத்தப்படும் என்பதை எவரும் கேட்பதில்லை. மூன்றாவது கேள்விக்கான விடையில் பெரும்பங்கு அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது.

இரண்டு கோணங்கள்

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்துக்குள் சுழலும் பந்து. இடுப்பு எலும்பில் உள்ள குழி கிண்ணமாகவும், தொடை எலும்பின் உருண்டையான தலை பந்தாகவும் செயல்படுகின்றன. அறுவை சிகிச்சையில் சிதைந்த தலை நீக்கப்பட்டு, தொடை எலும்பின் உட்குழலில் உலோகத் தண்டு ஒன்று இறக்கப்படுகிறது. அதன் உச்சியில் உலோகம் அல்லது செராமிக்கால் ஆன பந்து பொருத்தப்படும். இடுப்பு எலும்பில் பொருத்தப்படும் உலோகக் கிண்ணத்தின் உட்புறத்தில் பெரும்பாலும் பாலிஎத்திலீன் எனும் உறுதியான பிளாஸ்டிக் உறை இருக்கும்.

இந்தக் கிண்ணத்தின் வாய் எத்திசையை நோக்குகிறது என்பதை இரண்டு கோணங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, பக்கவாட்டுச் சாய்வு. இது அதிகமானால் கிண்ணம் செங்குத்தாக நிற்கும்; பந்தின் மேற்புறத்துக்குப் போதிய மூடல் கிடைக்காது. குறைந்தால், காலை விரிக்கும்போது தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கும். மற்றொன்று, முன்நோக்கிய திருப்பம். இது குறைந்தால், ஆழமாகக் குனியும்போது பந்து பின்பக்கமாக நழுவலாம். மிகுந்தால், நின்ற நிலையில் காலைப் பின்னால் நீட்டும்போது முன்பக்கமாக நழுவலாம்.

விளிம்பில் விழும் சுமை

மூட்டு நழுவுவது உடனே தெரியக்கூடிய சிக்கல். கண்ணுக்குத் தெரியாமல் பல ஆண்டுகள் வளர்வது தேய்மானம். நடக்கும்போது இடுப்பு மூட்டின் மீது உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை விழுகிறது. சராசரியாக ஒரு கால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை அடியெடுத்து வைப்பதாகக் கொண்டே ஆய்வகங்களில் செயற்கை மூட்டுகள் சோதிக்கப்படுகின்றன. கிண்ணம் சரியாக அமைந்தால் இந்த விசை அகன்ற பரப்பில் பரவும். செங்குத்தாக அமைந்தால் அதே விசை குறுகிய விளிம்பில் குவியும்.

தேய்மானத்தின் விளைவை உலகுக்குக் கற்பித்தவர் இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லி. அவர் முதலில் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போயின. அதன் பின்னர் 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு அவர் மாறினார். இன்றைய சிகிச்சை முறைக்கு அதுவே அடித்தளம். பாலிஎத்திலீனும் முற்றிலும் தேயாத பொருள் அன்று. உதிரும் நுண்துகள்களை உடலின் பாதுகாப்புச் செல்கள் விழுங்குகின்றன; அதனால் எழும் அழற்சி சுற்றியுள்ள எலும்பையே கரைக்கிறது. வலி ஏதுமின்றி எலும்பு கரைந்து, ஒருநாள் மூட்டு தளர்ந்துவிடுகிறது.

1990-களின் இறுதியில் வந்த உறுதியூட்டப்பட்ட பாலிஎத்திலீன் இந்தத் தேய்மானத்தைப் பெருமளவு குறைத்தது. ஆயினும், கோணத்தின் பிழையை எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் பொறுத்துக்கொள்வதில்லை. செராமிக் பந்து, செராமிக் கிண்ணத்தின் விளிம்பில் உரசும்போது கோடு கோடாகத் தேய்கிறது. சிலருக்கு நடக்கும்போது கிறீச்சிடும் ஒலியும் எழுகிறது.

இந்தியா கற்ற பாடம்

கோணத்தின் பிழையை மிகக் குறைவாகப் பொறுத்துக்கொண்டது, பந்தும் கிண்ணமும் உலோகத்தாலேயே ஆன மூட்டுதான். ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் துணை நிறுவனமான டிபுய் தயாரித்த ஏ.எஸ்.ஆர். மூட்டு அத்தகையது. அதன் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைந்தது. எனவே, சாய்வு சற்றுக் கூடினாலும் சுமை விளிம்புக்கு நகர்ந்தது. உரசலில் வெளிப்பட்ட கோபால்ட், குரோமியம் அயனிகள் இரத்தத்தில் கலந்தன. மூட்டைச் சுற்றிய திசுக்களும் சிதைந்தன. சரியான கோணத்தில் பொருத்தப்பட்டவற்றிலும் பல தோல்வியடைந்தன என்பதால், குறை வடிவமைப்பிலேயே இருந்தது என்பது தெளிவானது.

மறு அறுவை சிகிச்சை அதிகம் தேவைப்படுவதை ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேடு முன்னதாகவே சுட்டிக்காட்டியது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் இந்த மூட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. 2017-இல் மத்திய அரசு நியமித்த நிபுணர் குழு, பாதிக்கப்பட்டோருக்குக் குறைந்தது ரூ.20 லட்சம் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. 2018 இறுதியில் ரூ.30 லட்சம் முதல் ரூ.1.23 கோடி வரையிலான கணக்கீட்டு முறையை அரசு ஏற்றது. நிறுவனம் அதை டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. பொருள், வடிவம், கோணம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது என்பதே இந்த விவகாரம் மருத்துவ உலகுக்கு விட்டுச்சென்ற பாடம்.

‘பாதுகாப்பு எல்லை’ போதுமா?

சரியான கோணம் எது என்ற கேள்விக்கு 1978-இல் அமெரிக்க மருத்துவர் லெவின்னெக் தலைமையிலான குழு ஒரு விடை தந்தது. சாய்வு 30 முதல் 50 டிகிரி வரையிலும், முன்திருப்பம் 5 முதல் 25 டிகிரி வரையிலும் இருந்தவர்களில் 1.5 சதவீதத்தினருக்கு மூட்டு நழுவியது. அந்த எல்லைக்கு வெளியே இருந்தவர்களில் இது 6.1 சதவீதம். ‘பாதுகாப்பு எல்லை’ என்ற பெயரில் இது அறுவை சிகிச்சை அரங்குகளின் அளவுகோலாயிற்று.

எனினும் இந்த ஆய்வு 300 மூட்டுகளை மட்டுமே ஆராய்ந்தது. அவற்றுள் நழுவியவை ஒன்பது. 2016-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், நழுவிய 206 மூட்டுகளை ஆராய்ந்தபோது, அவற்றில் 58 சதவீதம் பாதுகாப்பு எல்லைக்குள்ளேயே இருந்தன. எல்லையை மீறுவது ஆபத்துதான். ஆனால், எல்லைக்குள் இருப்பது மட்டும் உத்தரவாதம் ஆகாது.

முதுகெலும்பின் பங்கு

இதற்கு ஒரு முக்கியக் காரணம், இடுப்பு எலும்பு அசையாத அடித்தளம் அன்று என்பதே. நின்றிருப்பவர் அமரும்போது இடுப்பு எலும்பு பொதுவாகச் சுமார் 20 டிகிரி பின்னோக்கிச் சரிகிறது. அப்போது கிண்ணத்தின் வாய் மேலும் முன்நோக்கித் திறந்து, மடங்கும் தொடைக்கு இடம் தருகிறது. கீழ் முதுகெலும்பு இறுகியவர்களுக்கும், அங்கு எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இந்தச் சரிவு போதிய அளவில் நிகழ்வதில்லை. படுத்த நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் சரியாகத் தெரிந்த கோணம், அவர்கள் அமரும்போது பொருந்தாமல் போகிறது. ஆகவே, முதுகுப் பிரச்சினை உள்ளவர்களுக்கு நின்ற நிலையிலும் அமர்ந்த நிலையிலும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து, அதற்கேற்பக் கோணத்தைத் திட்டமிடும் முறை பரவி வருகிறது.

தொடைத் தண்டின் திருப்பமும் கணக்கில் சேர வேண்டும். கிண்ணம், தண்டு இரண்டின் முன்திருப்பத்தையும் கூட்டிப் பார்க்கும் அணுகுமுறையைப் பரப்பியவர்களுள் ஒருவர், இந்தியாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய மருத்துவர் சித்தரஞ்சன் ரணாவத். 2000-இல் அன்றைய பிரதமர் வாஜ்பாயிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்தவரும் இவரே.

இளம் வயதில் கூடுதல் கவலை

இந்தியாவில் இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, இரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடை எலும்பின் தலை இறந்துபோவது. ஸ்டீராய்டு மருந்துகள், மதுப்பழக்கம் ஆகியவற்றுடன் அரிவாள் செல் நோயும் இதற்கு வழிவகுக்கிறது. மைசூரு, சாமராஜநகர், நீலகிரி மாவட்டப் பழங்குடி மக்களிடையே காணப்படும் நோய் அது. இத்தகைய நோயாளிகள் பலர் நடுத்தர வயதைக்கூட எட்டாதவர்கள்.

2019-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வின்படி, செயற்கை இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. 70 வயதில் சிகிச்சை பெறுபவருக்கு இது ஆறுதலான செய்தி. 30 வயதுக்காரருக்கோ, மறு அறுவை சிகிச்சை ஏறக்குறைய நிச்சயம் என்றே பொருள். எலும்பு கரைந்த இடத்தில் செய்யப்படும் இரண்டாவது சிகிச்சை முதலாவதைவிடக் கடினமானது, செலவு மிக்கது. அந்த நாளைத் தள்ளிப்போடுவதில்தான் சில டிகிரிகளின் மதிப்பு இருக்கிறது.

கருவியும் கைத்திறனும்

2011-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு ஒன்றில், ஆராயப்பட்ட 1,823 மூட்டுகளில் இரு கோணங்களும் இலக்குக்குள் அமைந்தவை பாதி மட்டுமே. குறைந்த எண்ணிக்கையில் சிகிச்சை செய்யும் மருத்துவர்களிடமும், உடல் பருமன் மிகுந்த நோயாளிகளிடமும் பிழை கூடுதலாக இருந்தது. சி.டி. ஸ்கேன் அடிப்படையிலான திட்டமிடலும் ரோபோ உதவியும் இலக்கைத் துல்லியமாக எட்ட உதவுகின்றன. ஆனால், இலக்கைத் தேர்ந்தெடுப்பவர் மருத்துவரே. தவறான இலக்கை ரோபோவும் துல்லியமாகவே எட்டும்.

நோயாளிகள் செய்ய வேண்டியவை

முதுகுவலி, முதுகு அறுவை சிகிச்சை ஆகியவை பற்றியும், தரையில் அமரும் பழக்கம், தொழில், யோகா பயிற்சி பற்றியும் அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் கூறுவது அவசியம். தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து, முழங்கால் உள்நோக்கித் திரும்பும்படி குனிவது மூட்டு பின்பக்கமாக நழுவ அதிக வாய்ப்பளிக்கும். குந்துதல், சம்மணமிடுதல், ஆசனங்கள் ஆகியவற்றை எப்போது தொடங்கலாம், தொடங்கலாமா என்பதை, பொருத்தப்பட்ட மூட்டை அறிந்த மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பொருத்தப்பட்ட மூட்டின் பெயரும் வரிசை எண்ணும் அடங்கிய ஆவணத்தையும், சிகிச்சைக்குப் பின் எடுத்த முதல் எக்ஸ்ரேயையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வலி இல்லாவிட்டாலும் மருத்துவர் குறிப்பிடும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்வது நல்லது. எலும்பு ஓசையின்றிக் கரையத் தொடங்குவதை உடலைவிட முன்னதாகச் சொல்வது அந்தப் படம்தான்.