கட்டு அவிழ்த்ததும் பளிச்சென்று தெரிந்து விடுமா?
கருவிழி மாற்றியவர்களுக்கு மாதம் ஒரு பார்வை!

திண்டுக்கல்,

சினிமாவில் டாக்டர் கட்டை அவிழ்ப்பார். "மெதுவா கண்ணைத் திறம்மா" என்பார். கதாநாயகி திறப்பாள். எதிரே நிற்கும் அத்தானை உடனே அடையாளம் கண்டு கொள்வாள். வீணை ஒலிக்கும். படம் முடிந்து விடும்.

நிஜ வாழ்க்கையில் கட்டு அவிழ்த்த பிறகுதான் கதையே ஆரம்பம்.

கருவிழி மாற்று ஆபரேஷன் செய்து கொண்டு ஒருவர் ஊர் திரும்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். மறுநாளே சொந்தபந்தங்கள் வந்து விடுவார்கள். நான்கு விரலைக் காட்டி, "இது எத்தனைண்ணே, சொல்லுங்க பார்ப்போம்" என்பார்கள். அவர் தடுமாறுவார். அடுத்த மாதம் சரியாகச் சொல்லுவார். அதற்கடுத்த மாதம் எழுத்து மறுபடி இரண்டிரண்டாகத் தெரியும். "காசும் போச்சு, கண்ணும் போச்சு" என்று தெரு பேசும். அதைக் கேட்டு அவரும் மனசு விட்டுப் போய் சொட்டு மருந்தை நிறுத்தி விட்டால் தீர்ந்தது. தேறி வந்த கண் அப்போதுதான் உண்மையிலேயே கெடும்.

நைலான் தையல்

ஆபரேஷனில் முழுக் கண்ணையும் மாற்றுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. கைக்கடிகாரத்துக்கு மேலே கண்ணாடி இருப்பது போல, கண்ணின் முன்பக்கம் தெளிவான ஒரு திசு இருக்கிறது. நடுவில் அதன் கனம் அரை மில்லி மீட்டர்தான். அது வெந்தோ, புண்ணாகியோ, தழும்பாகியோ வெளுத்து விட்டால் வெளிச்சம் உள்ளே போகாது. இறந்தவர் தானமாகத் தந்த கண்ணில் இருந்து ஏறக்குறைய 8 மில்லி மீட்டர் அகலத்துக்கு, சட்டைப் பொத்தான் போல வட்டமாக வெட்டி எடுத்து, கெட்டுப் போன இடத்தில் வைத்துத் தைக்கிறார்கள். தலைமுடியை விட மெல்லிய நைலான் நூல். பெரும்பாலும் 16 தையல் போடுவது வழக்கம்.

பார்வை மாறி மாறி வருவதற்கு அந்தத் தையல்தான் முக்கிய காரணம். ஒரு பக்கம் இறுக்கமாக, ஒரு பக்கம் தளர்வாக இருந்தால் கருவிழியின் வளைவு கோணலாகிறது. தெரு விளக்குக்கு வால் முளைக்கும். பஸ் போர்டில் 3 எது, 8 எது என்று புரியாது. சில மாதங்கள் கழித்து, எந்தத் தையல் இழுக்கிறது என்று கருவியில் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். எடுக்க எடுக்கப் பார்வை மாறும். கண்ணாடியின் பவரும் மாறும். நிலையான கண்ணாடி கிடைக்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் கூட ஆகலாம். அப்படியும் கோணல் போகாதவர்களுக்குக் கண்ணின் மேல் பொருத்தும் காண்டாக்ட் லென்ஸ் கொடுக்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒரு கண் பழைய கண், ஒரு கண் புதுசு. இரண்டும் ஒத்துப் போகாத வரை தூரம் கணக்குக்கு வராது. டீயை கிளாசுக்கு வெளியே ஊற்றுவார்கள். பஸ் படியில் கால் வைத்தால் காற்றில் இறங்கும். இந்த நிலையில் ஸ்கூட்டரை எடுப்பது எமனுக்கு அழைப்பு வைப்பதுதான்.

சுண்ணாம்பு பட்ட கண்

உலகில் முதல் முதலாக வெற்றி பெற்ற கருவிழி மாற்றம் நடந்தது 1905 டிசம்பர் 7ந்தேதி. ஐரோப்பாவில், இன்றைய செக் நாட்டில் உள்ள ஓலமோட்ஸ் நகரில் டாக்டர் எட்வர்ட் சிர்ம் செய்தார். ஆபரேஷன் செய்து கொண்ட அலோய்ஸ் குளோகர் ஒரு கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் வெந்து போனவர். இரும்புத் துண்டு பாய்ந்ததால் எடுக்க வேண்டி வந்த ஒரு சிறுவனின் கண்ணில் இருந்து கருவிழி கிடைத்தது. குளோகருக்கு இரண்டு கண்ணிலும் வைத்தார்கள். ஒன்று தோற்றது. ஒன்று நின்றது. அந்த ஒற்றைக் கண்ணோடு அவர் மறுபடி வேலைக்குப் போனார்.

நம் நாட்டில் 1948ல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ்.முத்தையா முதல் கருவிழி மாற்று ஆபரேஷனைச் செய்தார். நாட்டின் முதல் கண் வங்கி 1945ல் அங்கேதான் ஏற்பட்டது.

வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றும் போது தெறிப்பதும், வெற்றிலைச் சுண்ணாம்பு பாக்கெட்டைக் குழந்தை கசக்கிக் கண்ணில் பீச்சிக் கொள்வதும் நம்மூரில் இன்றும் உண்டு. பட்ட அந்த நிமிடமே ஏராளமான நல்ல தண்ணீரை விட்டுக் கழுவ வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அதற்கு அப்புறம்தான்.

அதை விடப் பெரிய வில்லன் வயல்காட்டில் இருக்கிறான். நெல் உமி, சோளத் தோகை, முள். கண்ணில் சின்னக் கீறல் விழுந்தால் போதும், பூஞ்சை புகுந்து புண்ணாகி விடும். பக்கத்து மதுரை மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 1996ல் வெளியானது. லட்சம் பேரில் 113 பேருக்கு வருடந்தோறும் கருவிழிப் புண் வருவதாக அது கணக்குச் சொன்னது. திண்டுக்கல் சமவெளியிலும் அதே வெயில், அதே வெள்ளாமைதான். இலைச்சாறு பிழிவது, தாய்ப்பால் விடுவது, நாக்கால் தூசி எடுப்பது எல்லாம் புண்ணை வளர்க்கும் வேலை.

அபாய அறிகுறி நான்கு

சரி, மாற்றிய கண்ணில் வரும் மங்கல் எல்லாமே சாதாரணம்தானா? இல்லை. இங்கேதான் உஷார் தேவை.

வந்து சேர்ந்தது வேறு ஒருவருடைய திசு. உடம்பு அதை அன்னியன் என்று கண்டு கொண்டால் எதிர்த்துத் தாக்கும். கண் சிவப்பது, வலிப்பது, வெளிச்சம் கூசுவது, திடீரென்று மங்குவது. இதில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விட வேண்டும். "வெள்ளிக்கிழமை சந்தை முடியட்டும்" என்று தள்ளக் கூடாது. சீக்கிரம் போனால் பெரும்பாலும் மருந்திலேயே மீட்டு விடலாம். முதல் ஓரிரு வருடங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். ஆனால் பல வருடம் கழித்து வந்ததும் உண்டு.

காலையில் எழுந்ததும் புகை மூட்டமாக இருந்து, பொழுது ஏற ஏறத் தெளிகிறதா? அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கருவிழியின் உள்பக்கம் உள்ள செல்கள்தான் தண்ணீரை இறைத்து வெளியேற்றி அதைத் தெளிவாக வைக்கின்றன. செத்த செல் மறுபடி முளைப்பதில்லை. செல் குறைந்தால், இரவில் மூடிய கண்ணில் நீர் கோத்துக் கொள்ளும்.

எதிர்ப்பை அடக்குவது ஸ்டீராய்டு சொட்டு மருந்து. அதிலும் ஒரு வம்பு. சிலருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறி நரம்பையே கெடுத்து விடும். வலி கூடத் தெரியாது. அதனால்தான் "நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றினாலும் அழுத்தம் பார்க்க வரச் சொல்கிறார்கள். மருந்துக் கடையில் தானாக வாங்கி விட்டுக் கொள்வதும், தானாக நிறுத்துவதும் ஒரே மாதிரி ஆபத்து.

1976ல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை திண்டுக்கல்காரர்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். அந்த ஒரு பஸ்சும் ஒரு நாள் கூலியும் இடிக்கும் போதுதான் தேதி தவறுகிறது. கூலி வேலைக்காரரை அதற்காகக் குற்றம் சொல்வது எளிது. துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகிறதே!

வேலைக்கு எப்போது போகலாம் என்பதைக் கண்ணைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் சீக்கிரம் திரும்பலாம். மூட்டை தூக்குகிறவர் காத்திருக்க வேண்டும். தைத்த இடம் பழைய பலத்துக்கு வரவே வராது. வருடங்கள் கழித்தும் மாட்டுக் கொம்பு பட்டாலோ, பந்து பட்டாலோ பிளந்து விடலாம். அதனால் வெளியில் போகும் போது மட்டுமல்ல, தொழுவத்துக்குப் போகும் போதும் கண்ணாடி வேண்டும். தையல் அறுந்தால் மண் விழுந்தது போல உறுத்தும். கசக்கக் கூடாது, அன்றே போய் எடுத்து விட வேண்டும்.

கடைசித் தையலை எடுக்கும் நாளில் வீட்டில் எல்லோரும் "அப்பாடா" என்பார்கள். அன்றைக்கும் பவர் மாறும். ஆசையாக வாங்கிய கண்ணாடி அன்றோடு பெட்டிக்குள் போகும். மறுபடி கண்ணாடிக் கடை, மறுபடி அந்த எழுத்துப் பலகை.